எந்தச் சூட்டை அளக்கப் போகிறீர்கள்?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை ஒன்றின் முன்னால் நின்று, "மோட்டார் சைக்கிளுக்கு டெம்பரேச்சர் மீற்றர் வேண்டும்" என்று கேட்டால், "என்ன வண்டி?" என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டாவதாக வர வேண்டியது. முதல் கேள்வி, "எதன் சூடு?" அதைக் கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு மீற்றர் போதுமான இடத்தில் மூன்று வாங்கினேன். அவற்றில் இரண்டு இன்னும் மேசை லாச்சியில் கிடக்கின்றன.

அந்த லாச்சியைத் திறந்து காட்டுவதுதான் இந்தக் கட்டுரை. 90 சிசியிலிருந்து 150 சிசி வரையான வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான வழி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம்மில் பலர் பழைய வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். பிஸ்டன் மாறியது, காபுரேட்டர் மாறியது, சில வண்டிகளில் என்ஜினே மாறியது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு இந்த மீற்றர் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்துக்கு நேரத்தோடு ஒயில் மாற்றுங்கள். என்ஜினில் கை வைத்தவர்களுக்கும், உணவுப் பொதி கொண்டுசெல்வது போல நாள் முழுவதும் நெரிசலில் ஓட்டுபவர்களுக்கும்தான் இது பயன்படும்.

சிறிய என்ஜின், எரிக்கும் பெற்றோலின் ஆற்றலில் கால் பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிது. மிச்சமெல்லாம் சூடுதான். ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். மற்றது சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகள் வழியாகவும் ஒயில் வழியாகவும் வெளியேற வேண்டும். தகடுகளுக்குக் காற்று வேண்டும். மாலை ஐந்தரைக்குக் காலி வீதியில், பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் ஒன்றின் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்குக் காற்று எங்கே? பஸ்ஸின் புகைதான் கிடைக்கும்.

அளக்கக்கூடிய சூடு மூன்று இடங்களில் இருக்கிறது: சிலிண்டரின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட், ஒயில், தண்ணீரால் குளிரும் வண்டியென்றால் ரேடியேட்டர் நீர். இந்த மூன்றும் ஒரே எண்ணின் மூன்று பதிப்புகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. அடுப்பில் குழம்புச் சட்டியை ஏற்றிப் பாருங்கள். சட்டி உடனே சுடுகிறது, குழம்பு மெதுவாகச் சுடுகிறது. அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு நெடுநேரம் சூடாகவே இருக்கிறது. ஹெட்தான் சட்டி. ஒரு மேட்டில் முறுக்கினால் சில வினாடிகளில் அதன் எண் ஏறும், இறக்கத்தில் அதே வேகத்தில் இறங்கும். ஒயில்தான் குழம்பு. அது நிலைகொள்ளப் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம் வேண்டும், ஆனால் அது காட்டும் எண் என்ஜின் முழுவதையும் பற்றிய செய்தி. ரேடியேட்டர் நீரைத் தெர்மோஸ்டாட் என்ற வால்வு ஓரளவுக்கு ஒரே நிலையில் பிடித்து வைத்திருக்கும். சூடேறிய பிறகு அங்கே எண் பெரிதாக அசைந்தால் ஏதோ கோளாறு. அத்தகைய வண்டிகளில் தொழிற்சாலை சென்சர் ஏற்கெனவே இருப்பதால் அவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

காற்றால் குளிரும் சிறிய வண்டியில் ஒயில் 80 முதல் 110 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. 120-ஐத் தாண்டினால் காரணம் தேடுவேன், 130-ஐத் தாண்டினால் நிழலில் நிறுத்துவேன். சூடு மிகும்போது ஒயில் மெலிகிறது. காற்றோடு வினைபுரிந்து கெடும் வேகமும் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஒயில் சூடேறாமல் இருப்பதும் நல்லதல்ல. தினமும் வெள்ளவத்தைச் சந்தைக்கும் வீட்டுக்குமாக இரண்டு கிலோமீற்றர் மட்டும் ஓடும் வண்டியின் ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பால் கலந்தாற்போல ஒரு பசை தென்பட்டால், அது எரிதலில் உண்டான நீராவி வெளியேற முடியாமல் ஒயிலோடு கலந்தது. ஒயில் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அந்த ஈரம் போகும். ஹெட் எண்ணைப் பொறுத்தவரை, ஸ்பார்க் பிளக்கின் அடியில் அளந்தால் 120-க்கும் 200-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். இவ்வளவு அகலமான வரம்பைச் சொல்வது ஏமாற்றுவது போலத் தோன்றும். ஆனால் வண்டிக்கு வண்டி, சென்சர் உட்காரும் இடத்துக்கு இடம் அது மாறுகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இனி லாச்சி.

முதலில் வாங்கியது, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைத்த மீன் தொட்டி வெப்பமானி. சிறிய எல்சிடி திரை, பொத்தான் பற்றரி, நீண்ட வயரின் நுனியில் கறுப்பு முனை. மலிவு என்பதற்காகவே வாங்கினேன். முனையை ஹெட்டின் தகடுகளுக்கு நடுவே செருகிக் கம்பியால் கட்டினேன். ஓடும்போது 70, 75 என்று காட்டியது. சிவப்பு விளக்கில் நின்றால் ஏறியது. மகிழ்ச்சியாக இருந்தது. மருதானையில் ஒரு நாள் நெரிசலில் நின்றபோது எண் மறைந்து வெறும் கோடுகள் தோன்றின. பெட்டியைத் தேடியெடுத்துப் பார்த்தேன்: அளக்கும் எல்லை 110 பாகை. மீனுக்கு 110 பாகை போதும், ஹெட்டுக்குப் போதாது. அதுவரை காட்டிய 75-கூட உண்மையல்ல. தகட்டையும் அதைத் தழுவி ஓடிய காற்றையும் சேர்த்து அளந்த ஒரு கலவை. இணையத்தில் பொழுதுபோக்காக மின்னணு செய்பவர்கள் பரிந்துரைக்கும் டிஎஸ்18பி20 என்ற சென்சருக்கும் இதே குறை: அதன் எல்லை 125 பாகை. ஒயிலுக்கு அரைமனதோடு பயன்படுத்தலாம், ஹெட்டுக்கு ஆகாது. கூடவே ஒன்று: மூன்று மாத வெயிலில் அந்தத் திரை கறுத்துவிட்டது. திறந்த வெயிலில் நிறுத்தும் வண்டிக்கு வாங்கும் மீற்றரின் திரையை, கடைக்கு வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, ஒயிலுக்கான முள் மீற்றர். மீற்றர் ஒரு கடையில், அதற்கான சென்சர் இன்னொரு கடையில். இரண்டும் நல்ல பொருட்கள்தாம். ஆனால் ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் முள் 80-ஐத் தாண்டவில்லை. என் வண்டி இவ்வளவு குளிர்ச்சியானதா என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "தம்பி, கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து சென்சரைப் போட்டுப் பாருங்கள்" என்றார். கடல் மட்டத்திலிருக்கும் கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் செய்தால் ஏறத்தாழ 94 என்று கொள்ள வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் என் மீற்றர் காட்டியது 80.

ஏன் என்று புரிய, அந்தச் சென்சருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது தெர்மிஸ்டர் என்ற சிறு மணி. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். சந்தையில் அதிகம் புழங்கும் ஒரு வகையை எடுத்துக்கொண்டால், 25 பாகையில் அதன் தடை 10,000 ஓம். 80 பாகையில் ஏறத்தாழ 1,270, 100 பாகையில் ஏறத்தாழ 700. மீற்றருக்குச் சூடு தெரியாது. அதற்குத் தெரிந்தது தடை மட்டுமே. "1,270 ஓம் வந்தால் 80 என்று காட்டு" என்று அதைச் செய்தவர் பழக்கியிருக்கிறார். 100 பாகையில் 1,270 ஓம் தரும் வேறொரு சென்சரை அதனுடன் பூட்டினால், அது பொய் சொல்லாமலே 80 என்று காட்டும். எனவே தெர்மிஸ்டர் வகையில் மீற்றரையும் சென்சரையும் ஒரே பெட்டியில், சோடியாக வாங்குங்கள். சென்சர் பழுதானால் அதே தயாரிப்பாளரின் அதே இலக்கச் சென்சரைத் தேடுங்கள். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று கடையில் சொன்னால், பொருந்துவது புரி மட்டும்தான்.

அந்தப் புரியும் எப்போதும் பொருந்துவதில்லை. ஜப்பானியச் சென்சர்களில் எட்டில் ஓர் அங்குல பிஎஸ்பிடி என்ற வகைப் புரியும், அமெரிக்கச் சென்சர்களில் எட்டில் ஓர் அங்குல என்பிடி என்ற வகைப் புரியும் வழக்கம். ஓர் அங்குலத்துக்கு முன்னதில் 28 சுற்று, பின்னதில் 27. கையால் திருகினால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்றுப் போகும், அதனால்தான் ஆபத்து. பிறகு சாவி போட்டு இறுக்கினால் அலுமினியப் புரி கிழியும், அல்லது ஒயில் கசியும். சிறிய வண்டியில் ஒயில் சென்சரைப் பூட்ட எளிய இடம், பழைய ஒயிலை வடிக்கக் கழற்றும் வடிகால் போல்ட். பல ஹொண்டாக்களில் அது 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடைவும் கொண்டது. அந்த அளவில் சென்சருக்கான துளையோடு செய்த போல்ட்கள் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் போல்ட் என்ஜினின் அடியில் இருக்கிறது. சென்சர் அதிலிருந்து கீழே நீட்டிக்கொண்டு நின்றால், நம் ஒழுங்கைகளின் வேகத்தடை ஒன்றே அதன் கதையை முடித்துவிடும். வாங்குமுன் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இடமில்லையென்றால், ஒயில் அளவுக் குச்சிக்குப் பதிலாகத் திருகும் முள் வெப்பமானி ஒன்று இருக்கிறது. வயரும் இல்லை, பற்றரியும் இல்லை. ஓட்டும்போது பார்க்க முடியாது, நிறுத்திக் குனிந்துதான் பார்க்க வேண்டும். தொடக்கக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் இதைத்தான் வாங்கச் சொல்வேன். புரி அளவு வண்டிக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

மூன்றாவது இப்போதும் வண்டியில் இருப்பது: பிளக்கின் அடியில் வாசர் போல உட்காரும் வளையம், அதிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்கள், கைபிடியில் ஒரு சிறிய எண் திரை. இது தெர்மோகப்பிள். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு வெப்பவிணை என்ற பெயர் நினைவிருக்கும். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்து, அந்த முனையைச் சூடாக்கினால், மறு முனைகளுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். 1821-ல் இதைக் கண்ட ஜெர்மன் பௌதிகவியலாளர் தோமஸ் சீபெக், பக்கத்திலிருந்த திசைகாட்டி முள் அசைந்ததைப் பார்த்து இது காந்த விளைவு என்றே நம்பினார். வண்டிகளுக்கு வரும் வளையங்களில் கே வகை மிகுதி. நிக்கல்-குரோமியக் கலவை ஒரு கம்பி, நிக்கல்-அலுமினியக் கலவை மற்றது. ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் 41 பங்கு. ஆயிரம் பாகைக்கு மேலும் தாங்கும் என்பதால் ஹெட்டின் சூடு அதற்கு ஒரு பொருட்டல்ல.

"வித்தியாசம்" என்ற சொல்லில்தான் நான் விழுந்த குழி இருக்கிறது. தெர்மோகப்பிள் ஹெட்டின் சூட்டை நேராகச் சொல்வதில்லை. சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வித்தியாசத்தையே சொல்கிறது. குளிர்ந்த முனை மீற்றருக்குள் இருக்கிறது. மீற்றர் தன் சொந்தச் சூட்டைத் தனியாக அளந்து அதனுடன் கூட்டிக் காட்டுகிறது. என் வளையத்தின் வயர் கைபிடி வரை எட்டவில்லை. வீட்டிலிருந்த சாதாரணச் செம்பு வயரைப் பெற்றோல் தாங்கிக்கு அடியில் ஒட்டுப்போட்டு நீட்டினேன். ஒட்டு சுத்தமாக இருந்தது, டேப்பும் அழகாகச் சுற்றியிருந்தேன்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஹெட் 180 பாகை என்று வைத்துக்கொள்வோம். தாங்கிக்கு அடியில், என்ஜினின் அனல் படும் இடத்தில், ஒட்டு 70 பாகை. கைபிடியில் மீற்றர் 35 பாகை. தெர்மோகப்பிள் கம்பி ஒட்டோடு முடிந்துவிட்டதால் அது சொல்வது 180-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம்: 110. செம்பு தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை. மீற்றர் அதனுடன் தன் 35-ஐக் கூட்டி 145 என்று காட்டும். 35 பாகை குறைவு! அதுவும் என்ஜின் சூடாக ஆக ஒட்டும் சூடாகி, பிழை கூடிக்கொண்டே போகும். எச்சரிக்க வேண்டிய நேரத்தில் சாந்தப்படுத்தும் மீற்றர் இல்லாமலே இருப்பது நல்லது. நீட்ட வேண்டுமென்றால் கே வகைக்கான நீட்டிப்பு வயரையே வாங்க வேண்டும். நேர், எதிர் முனைகள் மாறவும் கூடாது. அமெரிக்க முறையில் மஞ்சள் நேர், சிவப்பு எதிர். ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் வழங்கும் முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். சிவப்பைப் பார்த்தால் நேர் என்று நினைப்பது நம் கைப்பழக்கம், இங்கே அது காலை வாரும். முனைகள் மாறினால் என்ஜின் சூடாகச் சூடாக எண் இறங்கும், அதனால் கண்டுபிடிப்பது எளிது.

வளையத்தின் அளவைப் பிளக்கின் புரிதான் தீர்மானிக்கிறது. என்ஜிகே நிறுவனத்தின் பிளக் என்றால் அதன் இலக்கத்தின் முதல் எழுத்தைப் பாருங்கள்: சி என்றால் 10 மி.மீ., டி என்றால் 12, பி என்றால் 14. ஹொண்டா கப் குடும்பத்தில் 10 மி.மீ. வழக்கம். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் 14. பிளக்கின் சொந்த வாசரைக் கழற்றிவிட்டு வளையத்தைப் போடுவதா, இரண்டையும் சேர்த்தா என்பதை மீற்றரோடு வரும் தாள் சொல்லும். இரண்டும் சேர்ந்தால் பிளக் ஏறத்தாழ ஒரு மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். சில வண்டிகளில் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கிறது. அங்கே பிளக் சாவி திரும்பும்போது வளையத்தின் கழுத்தை முறித்துவிடும். அப்படியென்றால் ஹெட்டின் போல்ட் ஒன்றின் அடியில் பூட்டலாம். எண் குறைவாகத்தான் வரும். இடம் மாறாதவரை அதனால் பாதகமில்லை.

மின் இணைப்பைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான மீற்றர்கள் 12 வோல்ற் நேர் மின்னோட்டம் கேட்கும். பழைய கப் வண்டிகளில் 6 வோல்ற் இருக்கிறது, அவற்றுக்குத் தனிப் பற்றரியுள்ள மீற்றரே நல்லது. முன் விளக்கின் வயரிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். பல சிறிய வண்டிகளில் அந்த விளக்கு மாறு மின்னோட்டத்தில் எரிகிறது. மீற்றர் ஒரே நாளில் கருகும். சாவி போட்டால் உயிர் பெறும் பற்றரி வயரில் ஒரு சிறிய பியூஸ் வைத்து எடுங்கள். சென்சர் வயரைப் பிளக் வயருக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். முறுக்கும்போது எண் 140, 310, 95 என்று குதித்தால் அது ஹெட்டின் சூடு அல்ல, தீப்பொறியின் இரைச்சல். கடற்கரையோரமாக மரைன் டிரைவில் தினமும் போகிறவர்கள் இணைப்புகளில் கொஞ்சம் கிரீஸ் பூசிவையுங்கள். உப்புக் காற்றுக்குச் செம்பு என்றால் மிகவும் பிடிக்கும்.

துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியை வைத்துக்கொண்டு "இது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தோராயமாகப் போதும், ஒரு நிபந்தனையோடு. பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டைக் கதிராக மிகக் குறைவாகவே வெளிவிடும், அதனால் துப்பாக்கி உண்மையை விடப் பல பாகை குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில், ஒரு நாணய அளவுக்கு, சூடு தாங்கும் மங்கலான கறுப்புப் பெயின்ற் பூசிவிட்டு எப்போதும் அங்கேயே குறிபாருங்கள்.

அகலமான வரம்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மீற்றர் பூட்டிய முதல் மாதம் நான் எதையும் திருத்தவில்லை, எழுதி மட்டும் வைத்தேன். காலையில் மரைன் டிரைவில் நாற்பது கிலோமீற்றர் வேகத்தில், மாலையில் மருதானை நெரிசலில், ஒரு முறை கண்டிக்குப் போனபோது கடுகண்ணாவை ஏற்றத்தில். முறையே 138, 165, 182. பக்க மூடியின் உட்புறத்தில் அந்த மூன்று எண்களும் மார்க்கரில் எழுதியிருக்கின்றன. இன்னொருவரின் வண்டிக்கு அவற்றால் பயனில்லை.

சில மாதங்கள் கழித்து, வழக்கமான காலையில், வழக்கமான வேகத்தில், எண் 151 என்று நின்றது. எந்த அட்டவணையிலும் 151 ஆபத்தான எண் அல்ல. வண்டி ஓடியவிதத்திலும் ஒரு குறையும் தெரியவில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போய் மூடியைத் திறந்து பழைய எண்ணைக் காட்டினேன். அண்ணன் என்ஜினை ஓடவிட்டு, காபுரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள இணைப்பில் கொஞ்சம் ஒயில் விட்டார். என்ஜினின் சத்தம் மாறியது. உள்ளிருந்த ரப்பர் வளையம் வெடித்து, அந்த வழியாக அதிகப்படியான காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெற்றோல் குறைந்த கலவை, சூடு கூடிய ஹெட். புது வளையம் மாற்றி, மறுநாள் காலை மரைன் டிரைவில் பார்த்தபோது 139.